மரத்துக்குள் இரும்பு: அறுக்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

மரவாடிக்குத் தடி கொண்டுவருபவர்கள், வாசலில் நின்ற வேம்பை வெட்டிக் கதவு போட நினைப்பவர்கள், புதிதாக மிஷின் வாள் (சங்கிலி ஓடும் கை வாள்) பிடிக்கும் தம்பிகள் என்று எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் சொன்னபடியே இருக்கின்றன. மரத்தில் ஆணி அடித்தவர் யாரோ. முப்பது நாற்பது வருடம் கழித்து அது தெறிப்பது வாள் முன்னால் நிற்பவரின் முகத்தில். அடித்தவரை அவர் பார்த்திருக்கவே மாட்டார். அந்த வேலையாளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மரத்துக்குள்ள ஆணி எப்படிண்ணே போகுது? தானா உள்ள இறங்குமா?

இறங்காது. ஆணி அடித்த இடத்திலேயே நிற்கிறது. மரம்தான் அதைத் தாண்டி வெளியே பருக்கிறது. பட்டைக்கு அடியில் உயிருள்ள மெல்லிய படலம் ஒன்று உண்டு. கேம்பியம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அது உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஆணியின் இரண்டு பக்கமும் அது மடிந்து வளர்ந்து, கடைசியில் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். பிறகு வெளியே தெரிவது வெறும் பட்டை.

அதனால் ஆணி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன்பின் மரம் பருத்திருக்கிறது. தேக்கில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும் என்பதால், ஆணித் தலையிலிருந்து பட்டை வரை வளையங்களை எண்ணினால் எந்தக் காலத்தில் அடித்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். வேம்பு, மா, புளி மரங்களில் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

சின்ன மரத்துல அடிச்ச ஆணி, மரம் வளர வளர மேல போயிடுமா?

போகாது. மரம் உயரமாவது கிளை நுனிகளில் மட்டும்தான். அடிமரம் பருக்கும், மேலே நகராது. நெஞ்சு உயரத்தில் அடித்தது நூறு வருடம் ஆனாலும் நெஞ்சு உயரத்தில்தான் இருக்கும்.

அறுக்கிறவருக்கு இது பெரிய உதவி. சுத்தியல் பிடித்த கை எட்டும் உயரத்துக்குள், அதாவது தரையிலிருந்து ஆறேழு அடிக்குள்தான் பெரும்பாலான இரும்பு இருக்கும். ஏணி வைத்து விளம்பரப் பலகை மாட்டிய மரமென்றால் இன்னும் கொஞ்சம் மேலே பாருங்கள். வருத்தம் என்னவென்றால், பருமனும் வைரமும் உள்ள, நல்ல விலை போகும் அடித்தடி அதே ஆறேழு அடிதான்.

என்னென்னதான் இருக்கும் உள்ள?

சாலையோரப் புளியமரம் என்றால் முதலில் ஆணி. டியூஷன் சென்டர் பலகை, கட்சித் தட்டி, ரியல் எஸ்டேட் தகரம் எல்லாம் ஆணியில் தொங்கியவை. பலகை போய்விடும், ஆணி போகாது. மரத்துக்கு எண் போட்ட சின்னத் தகரமும் அதே மாதிரி. கேபிள் வயரைத் தாங்கிய கொக்கி, டியூப் லைட் கட்டிய கம்பி, துணி காயப்போட்ட கம்பி என்று வீதி மரத்தில் பட்டியல் நீளும். நட்டபோது வைத்த இரும்புக் கூண்டை யாரும் கழற்றாமல் விட்டு, கூண்டின் கம்பிகள் பாதி மரத்துக்குள் போயிருப்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம்.

தோட்டத்து மரம் வேறு வகை. வரப்பில் நின்ற வேம்பும் பூவரசும் வேலிக்கால் வேலையும் பார்த்திருக்கும், அதனால் முள்கம்பி ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று வரி உள்ளே ஓடும். மாடு கட்டிய வளையம், ஊஞ்சல் சங்கிலி, கிணற்றுப் பக்கம் என்றால் கப்பி மாட்டிய கொக்கி. கன்னியாகுமரி பக்கத்து ரப்பர் மரத்தில் பால் வடிவதற்கு அடித்த தகர மூக்கும், சிரட்டையைத் தாங்கிய கம்பியும் இருக்கும். அந்தத் தடியை வாங்கினால் வெட்டுப் பட்டைப் பகுதி முழுக்கச் சந்தேகத்தோடு பாருங்கள்.

கோவில் மரத்தில் வேண்டுதல் தொட்டில் கட்டிய கம்பி, பூட்டு, மணி. ஆலும் அரசும் தனி ரகம்: விழுதும் வேரும் ஒட்டி வளர்வதால் செங்கல், கல் என்று பக்கத்தில் இருப்பதையெல்லாம் மூடிக்கொள்ளும். கல்லைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். காரணம் கருவியைப் பற்றிய கேள்வியில் வருகிறது.

தென்னை, பனையும் இப்படி ஆணியை முழுங்குமா?

முழுங்காது. தென்னைக்கும் பனைக்கும் கேம்பியம் கிடையாது. ஆகவே காயத்தை மூடும் வளர்ச்சியும் கிடையாது. ஏறுவதற்காக வெட்டிய படி கடைசிவரை படியாகவே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆணியும் அப்படியே, அடித்த அன்று இருந்ததுபோல் வெளியிலேயே தெரியும். தலை மட்டும் துருப்பிடித்து உடைந்திருந்தால் கண்ணுக்குத் தப்பலாம், அதனால் கையால் தடவிப் பாருங்கள்.

ஆனால் இதை வைத்துத் தென்னையில் ஆணி அடிக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறாத காயம் சிவப்புக் கூன்வண்டை அழைக்கும். அந்த வண்டு இறங்கிய தென்னையைக் காப்பாற்றுவது கடினம்.

வெளிய பட்டை சுத்தமா இருக்கு. உள்ள இருக்கான்னு பாத்தே கண்டுபிடிக்க முடியுமா?

பல நேரம் முடியும். பட்டையில் தொப்புள் போன்ற குழி, காரணமில்லாத புடைப்பு, குறுக்கே ஓடும் தழும்புக் கோடு, பிசின் கசிவு, துரு ஒழுகிய தடம் இவற்றைத் தேடுங்கள். குறுக்குக் கோடு மரத்தைச் சுற்றி வந்தால் அது அநேகமாகக் கம்பி. பக்கத்து மரத்தில் முள்கம்பி இருந்தால், அதே உயரத்தில் இந்த மரத்திலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிப் போட்ட தடியில் இன்னொரு நல்ல அடையாளம் உண்டு. வெட்டு முகத்தில் நீலம் கலந்த கறுப்புக் கறை தெரிந்தால் உள்ளே எங்கோ இரும்பு இருக்கிறது. மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் வரும் நிறம் அது. அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே முறைதான். கறை பக்கவாட்டில் அதிகம் பரவாது, நார் போகும் திசையில் மேலும் கீழும் ஓடும். ஆகவே கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேயோ கீழேயோ தேடுங்கள்.

எதையும்விட எளிதான வழி ஒன்று இருக்கிறது: மரம் நின்ற இடத்தில் இருக்கும் வயதானவரிடம் கேட்பது. "இங்க கொட்டகை இருந்துச்சு தம்பி, கூரைக்கு இந்த மரத்துலதான் கம்பி அடிச்சோம்" என்று நொடியில் சொல்லிவிடுவார்.

கோயில் வாசல்ல தடவுற மெட்டல் டிடெக்டர் போதுமா?

இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அந்தக் கைக்கருவி சாதாரண ஆணியைச் சில அங்குல ஆழம் வரைதான் உணரும். பெரிய தடியின் நடுவில் கிடப்பது அதற்குத் தெரியாது. அதனால் தடி வந்ததும் ஒருமுறை, முதல் சிறாம்பு (பட்டையோடு வரும் ஓரப் பலகை) எடுத்ததும் ஒருமுறை, நடுவே பிளந்ததும் ஒருமுறை என்று தடவுங்கள். வாங்கும்போது உங்கள் கையிலேயே ஓர் ஆணியை இரண்டு பலகைக்கு நடுவே வைத்துச் சோதித்துப் பாருங்கள். காந்தம் மேலோட்டமாக இருக்கும் இரும்புக்கு மட்டும்.

கல்லுக்கும் பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் எந்தக் கருவியும் ஒலிக்காது. மேலே கல்லுக்குப் பயம் என்று சொன்னது இதற்காகத்தான். தரையில் இழுத்துவந்த தடியின் பட்டையில் சல்லி பதிந்திருக்கும். தண்ணீர் அடித்துக் கழுவி, பட்டையை உரித்துவிட்டு மிஷினில் ஏற்றினால் பிளேடு பிழைக்கும்.

அறுக்கும்போதே ஆணி மாட்டிருச்சுன்னா என்ன பண்றது?

சத்தம் மாறும், பொறி பறக்கும். அந்த நொடியில் தள்ளுவதை நிறுத்துங்கள். "கொஞ்சம்தானே, அழுத்தினா போயிடும்" என்று நினைக்கும் இடத்தில்தான் விபத்து நடக்கிறது.

பேண்ட்சாவில் (நாடா போன்ற வளைய பிளேடு சக்கரங்களில் ஓடும் மில் வாள்) பிளேடு ஓடிக்கொண்டிருக்கும்போது தடியைப் பின்னால் இழுக்காதீர்கள், பிளேடு சக்கரத்தை விட்டுக் கழன்று வரும். மோட்டாரை நிறுத்தி, முழுக்க நின்றதும் வெட்டில் ஆப்பு வைத்து, பிறகு தடியை எடுங்கள். மிஷின் வாள் என்றால் இரும்பில் பட்ட சங்கிலி அறுந்து சீறலாம், வாளும் முகத்தை நோக்கி எகிறலாம். சங்கிலி ஓடும் நேர்கோட்டில் நீங்களும் நிற்காதீர்கள், யாரையும் நிற்கவும் விடாதீர்கள். முகத்தை மறைக்கும் கவசக் கண்ணாடி இல்லாமல் ஊர்மரத்தில் வாள் வைக்கவே கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

ஆணியை எடுக்க வேண்டுமானால் சுற்றியுள்ள கட்டையை உளியால் செதுக்கி, தலையைப் பிடிக்க இடம் செய்துகொண்டு கடப்பாரையால் நெம்புங்கள். துருப்பிடித்தது பாதியில் உடையும். உடைந்தால் அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் ஓர் அடி விட்டுத் துண்டித்து விறகில் போட்டுவிடுங்கள். இரண்டு அடிக் கட்டையைவிட நல்ல பிளேடு விலை அதிகம்.

ஊர்மரம்னு சொன்னாலே மில்லுல யோசிக்கிறாங்களே, ஏன்?

மேலே சொன்ன எல்லாமும்தான். வனத்துறை டிப்போத் தேக்கில் இந்தத் தொல்லை குறைவு. வாசலில், வீதியில், வேலியில் நின்ற மரத்தில் அதிகம். எங்கள் பக்கத்தில் பல மில்களில் பிளேடு போனால் தடிக்காரர்தான் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வார்கள். கேட்க வருத்தமாக இருக்கும், ஆனால் அது நியாயம். தடி இறக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

பலகை அறுத்தாச்சு, நடுவுல கறுப்புக் கறை. பலகை வீணா?

வீணில்லை. ஆணியைத் தொட்டிருந்த இடத்தில் கட்டை மக்கி நொறுங்கும், அதை மட்டும் ஒதுக்குங்கள். தள்ளி இருக்கும் கறை நிற மாற்றம்தான், வலு குறைவதில்லை. நிறம் பிடிக்கவில்லை என்றால் ஆக்ஸாலிக் ஆசிட் கரைசலைப் பூசினால் வெளுக்கும். அது விஷம். கையுறை போட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, வேலை முடிந்ததும் பலகையைத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

ஆணியே இல்ல, காட்டு மரம்தான். ஆனாலும் பல்லு மழுங்குதே?

மரமே கல்லைச் சேர்த்து வைக்கும். தேக்கில் மணலின் சத்தான சிலிக்கா உண்டு. இழைப்புளி சீக்கிரம் மழுங்குகிறது என்று ஆசாரிகள் சொல்வது அதனால்தான். தேக்கின் வெடிப்புகளில் வெள்ளையாகச் சுண்ணாம்புச் சத்தும் படிந்திருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் இரோக்கோ மரத்தில் அது உண்மையான கல்லாகவே இறுகி, பல்லை உடைக்கும். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மூங்கிலுப்பும் மூங்கில் கணுவுக்குள் திரண்ட சிலிக்காதான். இவை மரத்துக்குச் சொந்தமானவை, யாரும் வைத்ததல்ல.

நிக்கிற மரத்துல இருக்குற ஆணியைப் பிடுங்கிடலாமா?

புதிதாக அடித்தது, தலை வெளியே தெரிகிறது என்றால் உடனே பிடுங்குங்கள். பட்டை மூடிவிட்டது என்றால் விட்டுவிடுங்கள். தோண்டி எடுப்பது ஆணியைவிடப் பெரிய காயம். மரத்துக்கு நம் தோல்போலக் காயம் ஆறாது, கெட்ட பகுதியைச் சுவர் எழுப்பித் தனியே பிரித்துவிட்டு, அதன்மேல் புதுக் கட்டை வளர்க்கும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கே அறுத்துப் பார்த்து 1970களில் இதை நிறுவினார். தோண்டினால் மரம் எழுப்பிய அந்தச் சுவரை நாமே உடைக்கிறோம். ஓட்டையில் சிமெண்ட், தார் பூசவும் வேண்டாம்.

கம்பியும் கூண்டும் நைலான் கயிறும் வேறு. அவை உயிரையே வாங்கும். இலை சமைத்த உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது, சுற்றிக் கட்டிய கம்பி அந்த வழியை நெரித்துவிடும். வேர் பட்டினி கிடந்து மரம் மெல்லச் சாகும். உங்கள் தெருவில் கூண்டு இறுகிய மரம் இருந்தால் இந்த வாரமே வெட்டி எடுங்கள். பாதி உள்ளே போயிருந்தால், வெளியே தெரியும் கம்பிகளைத் துண்டு துண்டாக நறுக்கி, உள்ளே போனதை அப்படியே விடுங்கள். வட்டம் அறுந்தாலே மரத்துக்குப் போதும்.

செம்பு ஆணி அடிச்சா மரம் பட்டுப்போகும்னு சொல்றாங்களே?

வளர்ந்த மரம் ஒரு செம்பு ஆணிக்குச் சாகாது. முந்தின பதிலில் சொன்னபடி சுவர் எழுப்பி மூடிக்கொள்ளும். பிற்பாடு மில்லில் மாட்டுவதுதான் மிச்சம்.

எங்க ஊர் புளியமரத்துல பேய் இறக்கி முடியோட ஆணி அடிச்சிருக்காங்க. அந்த மரத்தை வெட்ட எடுத்திருக்கோம், என்ன செய்யட்டும்?

பேய் பிடித்தவர் என்று சொல்லப்பட்டவரின் உச்சிமுடியைக் கட்டி ஆணியால் மரத்தில் அறைவது பல ஊர்களில் நடந்த வழக்கம். ஒரே மரத்தில் தலைமுறை தலைமுறையாக அடித்திருப்பார்கள், அதனால் அடுக்கடுக்காக ஆழத்தில் ஆணி இருக்கும். நீண்ட ஆணிகளாகவும் இருக்கும்.

முதலில் ஊர்க்காரர்களிடம் பேசுங்கள். ஒரு குடும்பத்தின் துயரம் அந்த ஆணியில் இருக்கிறது, அவர்கள் செய்ய நினைக்கும் பூசையைச் செய்யட்டும். எந்தப் பக்கம், எந்த உயரம் என்று அவர்களே காட்டிவிடுவார்கள். அதன்பிறகு தரையிலிருந்து எட்டடி வரை பலகைக்கு என்று ஆசைப்படாமல் விறகாக ஒதுக்குங்கள்.

சண்டை நடந்த ஊர் மரத்துல குண்டு இருக்குமாமே, நிஜமா?

நிஜம். அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில், கல்ப்ஸ் ஹில் குன்றில் விழுந்துகிடந்த ஓக் மரத்தை 2011ல் அறுத்தபோது 1863ஆம் ஆண்டுப் போரின் துப்பாக்கிக் குண்டுகள் வந்தன. பிரான்சில் வெர்டன், ஜெர்மனியில் ஹூர்ட்கன் காடு என்று இரண்டு உலகப் போர்களிலும் பீரங்கி முழங்கிய இடங்களின் மரத்தை, அறுக்கும் முன் இன்றும் கருவியில் சோதிக்கிறார்கள். துப்பாக்கிக் குண்டின் ஈயம் மென்மையானது, வாள் வெட்டிக்கொண்டு போய்விடும். பீரங்கிக் குண்டின் எஃகுச் சிதறல்தான் பல்லைச் சிதைக்கும்.

இலங்கையின் வடக்கில் இது தூரத்துச் செய்தி அல்ல. அங்கே பனைகளில் துளை இன்றும் வெளியே தெரிகிறது. தென்னை பற்றிய பதிலில் சொன்ன அதே காரணம்: பனைக்கு மூடத் தெரியாது. ஆனால் வேம்பும் பாலை மரமும் மூடிவிடும். போர் நடந்த காணியில் மரம் வெட்டுகிறவர்கள் பட்டை சுத்தமாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். முழுக் குண்டு மாதிரி ஏதாவது தெரிந்தால் தொடாமல் விலகி, கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.

மரம் சைக்கிளை முழுங்கின போட்டோ, நாயை முழுங்கின போட்டோ எல்லாம் வாட்ஸ்அப்ல வருதே?

இரண்டும் உண்மை, கூட வரும் கதைகளில்தான் கலப்படம். சைக்கிள் இருப்பது அமெரிக்காவின் வாஷான் தீவில், ஆள் உயரத்துக்கு மேல். 1914ல் போருக்குப் போன பையன் மரத்தில் சாய்த்துவிட்டுப் போனான், மரம் அதைத் தூக்கிக்கொண்டு வளர்ந்தது என்பார்கள். மரம் எதையும் தூக்காது என்று இரண்டாவது கேள்வியிலேயே பார்த்தோம். அந்த உயரத்தில் யாரோ மாட்டியிருக்க வேண்டும்.

நாய், ஜார்ஜியா மாநிலத்தில் 1980ல் மரம் வெட்டுகிறவர்களுக்குக் கிடைத்தது. எதையோ துரத்திக்கொண்டு பொந்துக்குள் ஏறி மாட்டிக்கொண்ட வேட்டை நாய் என்று கருதுகிறார்கள். மரம் அதை விழுங்கவில்லை, ஏற்கனவே இருந்த பொந்து அது. உள்ளே காற்று மேல்நோக்கி இழுத்ததால் வாடை வெளியேறிப் பூச்சி அண்டவில்லை, மரத்தின் துவர்ப்பு தோலைப் பதப்படுத்திவிட்டது. இப்போது வேகிராஸ் நகர அருங்காட்சியகத்தில் அந்தத் தடியோடு இருக்கிறது. பொந்துள்ள மரத்தைத் தட்டிப் பார்த்து, உள்ளே என்ன குடியிருக்கிறது என்று தெரிந்த பிறகே வாள் வையுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் ஆந்தை, கிளி, உடும்பு, பாம்பு, தேன்கூடு.

மரத்தை வெட்டவிடாம காப்பாத்த, நாமளே நிறைய ஆணி அடிச்சு வச்சா வாங்க மாட்டாங்கல்ல?

மரத்தின் மேல் உள்ள பாசத்தில் கேட்கிறீர்கள் என்று தெரியும். தயவுசெய்து செய்யாதீர்கள். அமெரிக்காவில் இதைப் போராட்ட முறையாகவே செய்தார்கள். 1987 மே மாதம் கலிபோர்னியாவின் குளோவர்டேல் ஊர் மில்லில், 11 அங்குல ஆணி ஒன்றில் பேண்ட்சா மோதி பிளேடு சிதறியது. இளம் தொழிலாளி ஒருவரின் தாடை கிழிந்தது. மரத்தை வெட்டச் சொன்னவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஆண்டே இப்படி ஆணி அடிப்பது அங்கே கூட்டரசுச் (மத்திய அரசு) சட்டப்படி குற்றமானது.

பொது இடத்து மரம் என்றால் மாவட்டப் பசுமைக் குழுவுக்கு எழுதுங்கள், ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள், நாலு பேரைச் சேர்த்து மரத்தடியில் நில்லுங்கள்.

பொந்துல நகை, காசு கிடைச்சா அது வெட்டினவங்களுக்குத்தானே?

இல்லை. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணிலோ மண்ணோடு பொருந்திய எதிலுமோ மறைந்திருக்கும் மதிப்புள்ள பொருள் புதையல் என்பது அதன் வரையறை. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வேர்விட்டு நிற்கும் மரத்துக்கும் அது பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. சாமி சிலை மாதிரி கிடைத்தாலும் விஏஓவிடம் சொல்லிவிடுங்கள்.

எங்க வீட்டு மரத்துல நாங்களே ஆணி அடிச்சிருக்கோம். வாங்குறவர்கிட்ட சொன்னா விலையைக் குறைப்பாரே, சொல்லணுமா?

சொல்ல வேண்டும். விலை குறையும்தான். சொல்லாமல் விற்ற மரம் யார் கையில் அறுபடும் என்று உங்களுக்குத் தெரியாது.

எத்தனை, எந்த உயரம், எந்தப் பக்கம் என்று மரம் நிற்கும்போதே குறியுங்கள். சாய்ந்த பிறகு திசை குழம்பிவிடும். சாக்பீஸும் சுண்ணாம்பும் லாரியில் ஏற்றி இறக்குவதற்குள் அழிந்துவிடும், அதனால் பெயிண்டில் போடுங்கள். பட்டையில் மட்டும் போட்டால் உரிக்கும்போது அதுவும் போய்விடும். ஆகவே தடியின் வெட்டு முகத்திலும் "ஆணி, அடியிலிருந்து நாலு அடி" என்று எழுதி அனுப்புங்கள்.